இடப்பக்கச் சம்மனசின் மூக்கு

லொம்போய் சந்தையில் பானிங்கின் மீன்கடை எங்கே என்று கேட்டால், யாரும் திசை சொல்ல மாட்டார்கள். மூக்கைத்தான் சொல்வார்கள். அகலமான மூக்கு. நுனியில், மாவில் கட்டைவிரலை வைத்து அழுத்தினதுபோல் ஒரு குழி. அவள் அம்மாவுக்கும் அதே மூக்கு, தாய்மாமன்கள் மூன்று பேருக்கும் அதே மூக்கு. சின்ன வயதில் மூக்குத் தண்டு எழும்பட்டும் என்று அம்மா தினமும் துணி கிளிப்பை மாட்டிவிடுவாள். சப்பை மூக்கோடு பிறந்த எங்கள் ஊர்ப் பெண் பிள்ளைகள் எல்லாருக்கும் நடக்கிற வைத்தியம்தான் அது. மற்றவர்களுக்குக் கொஞ்சமாவது பலித்தது. பானிங்குக்குக் கிளிப்தான் உடைந்தது.

அதனால் ஐம்பத்தாறு வயது வரைக்கும் போட்டோ என்றால் அவள் கை தானாக எழும்பி மூக்கை மறைத்துக்கொள்ளும். கல்யாணப் போட்டோவில் பூச்செண்டையே தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மாப்பிள்ளை நெல்யோ ஏதோ ஒரு பூச்செடியைக் கட்டிக்கொண்ட மாதிரி இருக்கும்.

பக்கத்துக் கருவாட்டுக் கடைக்காரி விர்கி இருக்கிறாளே, அவளுக்கு இந்த மூக்கு இல்லாவிட்டால் பொழுதே போகாது. வானம் கறுத்தால் போதும், கடையிலிருந்து குரல் கொடுப்பாள்.

"மானாங், மழை வருது. மூக்க மூடிக்க, தண்ணி தேங்கிடும்."

மானாங் என்றால் எங்கள் பக்கம் அக்கா. விர்கி இரண்டு வயது இளையவள். மரியாதையோடு கேலி செய்வதில் அவளை மிஞ்ச போஹோல் தீவிலேயே ஆள் கிடையாது.

"உன் வாய மூடு மொதல்ல. அதுல லாரியே நுழையும்" என்பாள் பானிங். இப்படியே முப்பது வருஷம்.

கேலிக்கெல்லாம் அசராமல் பானிங் நின்றதற்கு ஒரு காரணம் இருந்தது. அது கோவில் வாசல். எங்கள் பங்குக் கோவிலின் பெரிய வாசலுக்கு மேலே பவளக் கல்லில் செதுக்கிய இரண்டு சம்மனசுகள் இருந்தன. சிறகு முளைத்த தேவதூதர் முகங்கள், உடம்பு கிடையாது. வலப்பக்கத்துச் சம்மனசுக்கு ஸ்பெயின் பாதிரியார்களின் கூர் மூக்கு. இடப்பக்கத்துச் சம்மனசுக்கோ பானிங்கின் மூக்கு, குழியோடு சேர்த்து. கடலிலிருந்து கல் வெட்டிச் சுமந்த கூட்டத்தில் அவளுடைய முன்னோர் ஒருவர் இருந்தார் என்றும், பாதிரியார் மதியம் கண்ணயர்ந்த நேரத்தில் உளியை எடுத்துத் தன் மகளின் முகத்தைச் செதுக்கிவிட்டார் என்றும் அந்தக் குடும்பத்தில் சொல்வார்கள். எழுத்தில் ஒன்றும் இல்லை. கல் சுமந்தவர்களின் பெயரை அந்தக் காலத்தில் எவன் எழுதி வைத்தான்? அந்த மூக்குதான் அவர்களுக்கு மிஞ்சிய ஒரே கையெழுத்து.

அக்டோபர் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி பன்னிரண்டு நிமிஷத்துக்கு நிலம் ஆடியபோது பானிங் சூரை மீனை வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியைப் போட்டுவிட்டு வெளியே ஓடிவந்தவள் கண்ணெதிரே கோவில் முகப்பு முன்பக்கம் சாய்ந்தது, அப்படியே உட்கார்ந்தது, தூளாகிப் போனது. காலைப் பூசை முடிந்துபோயிருந்ததால் உள்ளே ஒருவரும் இல்லை. தூசி அடங்கியதும் அவள் குவியல்மேல் ஏறினாள். வலப்பக்கத்துச் சம்மனசு கீறல்கூட விழாமல் வானத்தைப் பார்த்துக் கிடந்தது. இடப்பக்கத்ததைக் காணவில்லை.

கோவிலைச் சுற்றி வேலி போடுவதற்கு மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் கற்கள் நடந்து போய்விட்டன. இதைத் திருட்டு என்று சொன்னால் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கோபம் வரும். வீடு கட்டுகிறபோது தூண் குழியில் கோழி ரத்தம் விட்டுக் காசு போடுவது என்றைக்கும் உள்ள வழக்கம். ஊரில் பாதி வீடுகள் விழுந்து, பாதிப் பேர் புதிதாகத் தூண் நட்டுக்கொண்டிருந்தார்கள். சாமி இருந்த கல் ஒன்றைத் தூணுக்கு அடியில் வைத்தால் அடுத்த தடவை நிலம் ஆடும்போது வீட்டை அது பிடித்துக்கொள்ளும் என்று ஒருவர் நினைத்தார். ஒருவர் நினைத்தால் எங்கள் ஊரில் எல்லாரும் நினைப்பார்கள்.

நெல்யோவும் ஆறு தூணுக்கு ஆறு கல் கொண்டுவந்து வைத்தான். பானிங் அப்போது அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் கூரை என்றாலே நடுங்கிக்கொண்டு தார்ப்பாய்க் கூடாரத்தில் கிடந்தாள். நாலு மாதம் சரியான தூக்கம் இல்லை. வீடு முடிந்த அன்று நெல்யோ, "கீழ கோவில் கல்லு இருக்கு, பயப்படாமப் படு" என்றான். படுத்தாள், மறுநாள் வெயில் முதுகில் சுடுகிறவரை தூங்கினாள்.

சில வருஷம் கழித்து, கோவிலைத் திரும்பக் கட்டப் போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது ஊருக்கே கொண்டாட்டம். மணிலாவிலிருந்து ஒலிவேரோஸ் என்ற ஆர்க்கிடெக்ட் பெண் வந்தாள். எங்களுக்கு அவள் 'ஆர்க்கி'. விழுந்த கல் ஒவ்வொன்றையும் அளந்து, எண் கொடுத்து, எது எங்கே இருந்ததோ அங்கேயே வைக்க வேண்டும் என்பது அவள் கட்டளை. கல் பிரிக்கிற வேலைக்கு முதலில் பெயர் கொடுத்தவள் பானிங். காலை பத்து மணிக்குள் மீனை விற்றுவிட்டு, கையைக் கழுவியும் கழுவாமலும் வேலிக்குள் ஓடிவிடுவாள். அவள் தொட்ட கற்களில் எல்லாம் சூரை வாசம் அடிக்கிறது என்று ஆர்க்கி முறையிட்டதும் உண்டு.

காணாமல் போன கற்களுக்காகப் பங்குச் சாமியார் ஞாயிறு பூசையில் அறிவிப்பு வைத்தார்.

"யாரு எடுத்தீங்கன்னு நான் கேக்க மாட்டேன். கேட்டா வருஷம் முழுக்க உங்க பாவசங்கீர்த்தனத்தையே கேட்டுக்கிட்டு இருக்கணும். கொண்டாந்து வேலி ஓரமா வச்சிட்டுப் போயிருங்க."

கற்கள் திரும்பி வந்தன. கதவுக்கு முட்டுக் கொடுத்த கல், ஊறுகாய் ஜாடிமேல் பாரம் வைத்த கல், படகுக்கு நங்கூரமாக இருந்து கயிற்றோடு வந்த கல். தூணுக்கு அடியில் போனவற்றைப் பற்றி மட்டும் ஊரே வாயைத் திறக்கவில்லை. பானிங்கும் திறக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தன் வீட்டுக்கு அடியில் இருப்பவை வெறும் சுவர்க் கற்கள் என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு, அடுத்தவர் வீட்டு ஜாடிகளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முகப்பு எழும்பிக்கொண்டே வந்தது. ஒரு திங்கட்கிழமை அவள் வேலிக்குள் நுழைந்தபோது கல்தச்சர் உல்தாரிகோ மேஸ்திரி ஒரு புதுச் சம்மனசின்மேல் தூசி தட்டிக்கொண்டிருந்தார். கூர் மூக்கு.

"ஆர்க்கி, இது யாரு?"

"இடப்பக்கத்துச் சம்மனசு, மானாங். வலப்பக்கத்த அப்படியே திருப்பிப் போட்டுச் செஞ்சது. இது பரோக் பாணிக் கோவில். ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலத்தான் இருக்கும்."

"எங்க கோவில்ல ஒருநாளும் ஒண்ணுபோல இருந்ததில்ல. இந்த மூக்கு கப்பல்ல வந்த மூக்கு. அங்க இருந்தது இந்த மூக்கு" என்று தன் மூக்கைத் தட்டிக் காட்டினாள்.

"போட்டோ இருந்தாக் காட்டுங்க, மாத்திடறேன்."

போட்டோவுக்குப் பஞ்சமா? ஊரில் நடந்த அத்தனை கல்யாணத்துக்கும் அந்த வாசலில்தான் படம் எடுத்தார்கள். வீடு வீடாக வாங்கிப் பார்த்தார்கள். ஒன்றில் தோரணம் மறைத்தது, ஒன்றில் புறா உட்கார்ந்திருந்தது, மிச்சத்தில் நிழல். கடைசியில் பானிங்கின் கல்யாணப் போட்டோ. வாசலுக்கு மிக அருகே எடுத்தது அது ஒன்றுதான். போட்டோக்காரர் குந்தி உட்கார்ந்து எடுத்ததால், அவள் தூக்கிப் பிடித்த பூச்செண்டு அவள் மூக்கோடு சம்மனசின் முகத்தையும் சேர்த்து மறைத்திருந்தது. பானிங்குக்குத் தன் கையையே வெட்டிப் போடலாம்போல் ஆத்திரம் வந்தது.

"சனிக்கிழமை கிரேன் வருது" என்றாள் ஆர்க்கி. "அதுக்குள்ள பழைய கல்லு கெடைச்சா அதத்தான் ஏத்துவேன். கெடைக்கலன்னா இதுதான் போகும். அப்புறம் சாரத்தப் பிரிச்சிருவாங்க, மானாங். நான் ஒண்ணும் பண்ண முடியாது."

ஐந்து நாள். பானிங் மீன்கடையை மூடினாள். செவ்வாய் முழுக்கக் கடற்கரைப் படகுகளைக் குடைந்தாள். புதனன்று சேவல் கூண்டுகளுக்கு அடியில் தவழ்ந்தாள். ஒரு சேவல் அவள் காதைக் கொத்தியது. வியாழக்கிழமை காலை, புட்டுத் துண்டைச் சூடான சாக்லேட்டில் தோய்த்து வாயில் வைக்கப் போனவளுக்குச் சட்டென்று ஒன்று ஞாபகம் வந்தது. பெரும்புயல் ஊரைப் புரட்டிப் போட்ட வருஷம் விர்கியின் வீட்டில் ஒரு ஓலைகூடப் பறக்கவில்லை. "என் வீட்டுக்கு அடியில சம்மனசு முட்டுக் கொடுத்துக்கிட்டு இருக்கு" என்று அவள் சந்தை முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தாள். பானிங் புட்டைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"விர்கி, உன் வீட்டுத் தூணத் தோண்டணும்."

கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த விர்கி நிமிர்ந்தாள். "காலையிலயே குடிச்சிட்டியா, மானாங்?"

"சம்மனசு உன் வீட்டுக்கு அடியில இருக்குன்னு நீதான் சொன்ன."

"அது பேச்சுக்குச் சொன்னது. உன் மூக்கப் பத்திக்கூடத்தான் தெனம் சொல்றேன், எல்லாம் நெசமா?"

"மூக்கப் பத்திச் சொன்னது நெசம். அப்ப இதுவும் நெசமாத்தான் இருக்கும்."

சந்தை சிரித்தது. விர்கியின் முகம் சிவந்துவிட்டது.

"சரி, வா. எல்லாரும் வாங்க, வந்து பாருங்க. கல்லு இல்லன்னா ஒரு மாசம் இவ என் கடையக் கூட்டணும், என் கருவாட்டக் காயப் போடணும். ஊர் கேட்டுக்கிச்சு."

சந்தையே விர்கி வீட்டுக்கு நகர்ந்தது. ஆர்க்கி தூரிகையோடு ஓடிவந்தாள். நெல்யோ மண்வெட்டியோடு வந்தான். தூண்களின் பக்கவாட்டில் தோண்டித் தோண்டிக் கையை விட்டுப் பார்த்தார்கள். முதல் தூணில் தட்டைக் கல். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் தட்டைக் கல். ஆர்க்கி துடைத்துப் பார்த்து, "எல்லாம் தரைக்கல்லு" என்றாள். நாலாவது தூண்தான் பாக்கி. விர்கி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பானிங்கையே பார்த்தாள். பானிங் மண்ணைப் பார்த்தாள்.

நெல்யோ மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டான். அவன் பேசுவதே அபூர்வம். படகுக்காரனுக்குக் கடலே போதும் என்று இருப்பவன்.

"தோண்ட வேணாம், பானிங். அது நம்ம வீட்ல இருக்கு."

"எது?"

"சம்மனசு. நம்ம தூணுக்கு அடியில. நான்தான் வச்சேன். முதுகு தட்டையா இருந்துச்சு, தூண் உக்காரும்னு எடுத்தேன். கீழ திருப்பும்போது கையில மூக்கு பட்டுச்சு."

பானிங் அவன் எதிரே வந்து நின்றாள்.

"தெரிஞ்சே வச்சியா?"

"தெரிஞ்சேதான் வச்சேன். நீ தூங்காமக் கெடந்த. உன் மூஞ்சிக்காரிதானே, உன்னப் பாத்துக்குவான்னு நெனச்சேன்."

"இத்தன வருஷமாத் தேடறேன். பாத்துக்கிட்டே இருந்தியே."

"நீ விட்டுடுவேன்னு நெனச்சேன்."

அவளுக்கு அவனை அந்த மண்வெட்டியாலேயே ஒன்று போட வேண்டும்போல் இருந்தது. அவன் தோளில் முகத்தை வைத்து அழ வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல், "எந்தத் தூண்?" என்று மட்டும் கேட்டாள்.

"அதான் ஞாபகம் இல்ல."

எல்லாரும் விர்கியைப் பார்த்தார்கள். இப்படி ஒரு வெற்றி யாருக்கு வாய்க்கும்? ஒரு மாதம் கடை கூட்ட ஆள் கிடைத்தாயிற்று, சாகிறவரை சொல்லிச் சிரிக்கக் கதையும் கிடைத்தாயிற்று. ஆனால் விர்கி சிரிக்கவில்லை. பாவாடையை முழங்காலுக்கு மேலே சொருகிக்கொண்டாள்.

"கடையக் கூட்டறத அப்புறம் பேசிக்கலாம். உன் வீடு லேசான வீடு. ஆறு தூணையும் தோண்டினா சாஞ்சிரும். மூங்கில் யார்கிட்ட இருக்கு? வீட்டத் தூக்கு."

வீட்டைத் தூக்குவது எங்கள் ஊரில் அதிசயம் இல்லை. இடம் மாறுகிறவன் சாமான்களை மட்டும் கொண்டுபோக மாட்டான், மூங்கிலும் ஓலையுமான வீட்டையும் சேர்த்துத்தான் கொண்டுபோவான்; அக்கம்பக்கத்தார் தோள் கொடுப்பார்கள். ஆனால் ஒரு கல்லுக்காக, அதுவும் சந்தை நேரத்தில், இது முதல் தடவை. அரை மணிக்குள் பானிங் வீட்டுமுன் பச்சை மூங்கில்கள் வந்து இறங்கின. நீளவாக்கில் நாலு, குறுக்கே ஆறு, தரைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். தூணைச் சுற்றி மண்ணைத் தளர்த்தினார்கள். டிவியும் குழந்தை இயேசு சுரூபமும் முதலில் இறங்கின. நெல்யோவின் சேவல் உத்திரத்தை விட்டு இறங்க மாட்டேன் என்றது, விட்டுவிட்டார்கள்.

சாமியார் அங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தோள் கொடுக்க வந்தார். "இது ஆபத்து, காப்பீடு கெடையாது, நான் பொறுப்பில்ல" என்று ஆர்க்கி கத்திக்கொண்டே இருந்தாள். பிறகு அவளும் தலைக்கவசத்தோடு மூங்கிலுக்கு அடியில் புகுந்தாள். நாற்பது பேருக்குமேல் குனிந்தார்கள். எண்ணுவது விர்கி.

"ஒண்ணு. ரெண்டு. மீன்காரங்க மூச்சப் பிடி, கருவாட்டுக்காரங்க முன்னால போ. மூணு."

வீடு முனகியது. பிறகு எழும்பியது. ஆறு தூணும் மண்ணைவிட்டு வெளியே வந்து ஆடின. உள்ளே பாத்திரங்கள் ஒன்றோடொன்று மோதின, சேவல் கூவியது, யாரோ சிரிக்கத் தொடங்கி எல்லாருக்கும் தொற்றிக்கொண்டது. சிரித்தால் பிடி நழுவும் என்று விர்கி திட்டத் திட்டச் சிரிப்பு அதிகமானது. பானிங்கின் தோளில் மூங்கில் அழுந்திற்று. தன் வீட்டின் மொத்தக் கனமும் இத்தனை பேர் தோளில் ஏறி நடந்தது. பத்து எட்டு நடந்து தென்னங்கட்டைகள்மேல் வீட்டை இறக்கினார்கள். கொஞ்சம் சாய்வாகத்தான் உட்கார்ந்தது. அதனால் என்ன?

ஆறு குழிகள். ஒவ்வொன்றாகக் கல்லைப் புரட்டினார்கள். சுவர்க்கல், சுவர்க்கல், படிக்கல், சுவர்க்கல். ஐந்தாவதும் சுவர்க்கல். ஆறாவது குழிக்கு வேறு யாரையும் விடாமல் பானிங்கே மண்டியிட்டுக் கையை அடியில் நுழைத்தாள். விரல்களில் சுருட்டை முடி தட்டுப்பட்டது.

"இவதான்" என்றாள்.

நெல்யோவும் மேஸ்திரியும் தூக்கி வைத்தார்கள். வாளி வாளியாகத் தண்ணீர் வந்தது. சேறு கரையக் கரைய நெற்றி வந்தது, பாதி மூடிய கண்கள் வந்தன, குண்டுக் கன்னங்கள் வந்தன. நடுவில் ஒன்றும் இல்லை. தூணும் வீடும் இத்தனை வருஷம் அழுத்தியதில் மூக்கு நொறுங்கி மண்ணாகிப் போயிருந்தது.

பானிங் அந்தப் பள்ளத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள். அவள் அழுததை அன்றுதான் ஊர் பார்த்தது. தான் நிம்மதியாகத் தூங்கிய ஒவ்வொரு இரவும் இந்த மூக்கு தேய்ந்திருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. நெல்யோ பக்கத்தில் நின்றான்.

உல்தாரிகோ மேஸ்திரி குந்தி உட்கார்ந்து கல்லைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "கல்லு கெட்டியா இருக்கு. ஏத்திரலாம். கல்லுப் பொடியும் சுண்ணாம்பும் கலந்து மூக்கு பிடிச்சிரலாம். ஆனா எந்த மூக்கு?"

"ஆதாரம் இல்லாம என்னால எதையும் வைக்க முடியாது" என்றாள் ஆர்க்கி.

"ஆதாரமா?" விர்கி முன்னால் வந்தாள். "இதோ, மீன் நாத்தத்தோட உக்காந்திருக்கே. முப்பது வருஷமா இந்த மூக்கக் கேலி பண்றவ நான். இத என்னவிட நல்லாப் பாத்தவ யாரு? ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அந்த வாசல்ல நொழையும்போது மேல பாத்துச் சிரிச்சிருக்கேன். ரெண்டும் ஒரே மூக்கு, ஒரே குழி. எந்தச் சாமி முன்னால வேணா சத்தியம் பண்றேன்."

"நானும் பண்றேன்" என்றார் சாமியார். "நான் சிரிச்சது கெடையாது, ஆனா பாத்திருக்கேன்."

அப்புறம் ஒவ்வொருவராகக் கையைத் தூக்கினார்கள். ஆர்க்கி நோட்டை எடுத்து எழுதினாள்: நேரில் கண்டவர்கள், நாற்பத்து மூன்று பேர்.

வெள்ளிக்கிழமை காலை பானிங்கை மீன் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார வைத்தார்கள். மேஸ்திரி அளவுகோலோடு கிட்டே வந்ததும் அவள் கை பழக்கதோஷத்தில் எழும்பி மூக்கை மூடிக்கொண்டது.

"கைய எறக்குங்க, மானாங்."

இறக்கினாள். மறுபடி எழும்பியது. விர்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "இன்னிக்கு ஒருநாள் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றாள். மதியம்வரை சொல்லவும் இல்லை. அவளுக்கு அது எத்தனை கஷ்டமாக இருந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது.

சனிக்கிழமை பேண்டு வாசித்தது, பிஷப் தீர்த்தம் தெளித்தார், கிரேன் சம்மனசைத் தூக்கியது. சுண்ணாம்பு சீக்கிரம் காய்ந்து வெடிக்காமல் இருக்க மூக்கின்மேல் ஈரச் சாக்கு சுற்றியிருந்தது. கல் தன் இடத்தில் உட்கார்ந்ததும் மேலே நின்ற மேஸ்திரி சாக்கை உருவினார். கீழே இருந்தவர்கள் கைதட்டிய தட்டில் புறாக்கள் கடற்கரைவரை பறந்தன. வாசலுக்கு அடியில் பானிங்கை நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தொங்கவிட்டுக்கொண்டு நேராக நின்றாள்.

"கொஞ்சம் சின்னதாச் செஞ்சுட்டான்" என்றாள் விர்கி.

ஞாயிறு பூசை முடிந்ததும் வீட்டைத் திரும்ப நட ஆட்கள் கூடினார்கள். மூன்று நாளாகச் சாய்ந்த தரையில் படுத்துப் பானிங்குக்கும் நெல்யோவுக்கும் கழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. நாலு சுவர்க்கற்களும் படிக்கல்லும் எண் வாங்கிக்கொண்டு வேலிக்குள் போய்விட்டன. ஐந்து குழிகளில் ஆற்றுக் கல் போட்டாயிற்று. அப்போது ஆர்க்கி ஒரு தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். உள்ளே மேஸ்திரி செதுக்கிய கூர் மூக்குச் சம்மனசு.

"இதுக்கு நம்பரும் இல்ல, எடமும் இல்ல. நீங்க தூங்கணுமே, மானாங்."

விர்கி கோழியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெல்யோ கல்லை ஆறாவது குழிக்குள் இறக்கி, முதுகு மேலே வரும்படி திருப்பப் போனான். பானிங் அவன் கையைப் பிடித்தாள்.

"மொகத்தக் கீழ வைக்காத. மூக்கு ஒடைஞ்சிரும். பாவம், இதுவும் யாரு மூக்கோ."

நெல்யோ குழியை இன்னும் ஒரு சாண் அகலமாக்கினான். சம்மனசின் முகம் பக்கவாட்டில் இருக்கும்படி கல்லைத் திருப்பி வைத்தான்.